விழிஞம் கலங்கரை விளக்கமும் மீட்புப் படகுகளும்: படம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

களியக்காவிளையைத் தாண்டியோ, கொல்லங்கோடு, பொழியூர், பூவார் வழியாகக் கடலோரச் சாலையிலோ போனால் விழிஞம் வந்துவிடும். நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்தவர்களுக்கு அரை நாள் வேலை. ஒரு பக்கம் கோவளத்தின் லைட் ஹவுஸ் பீச், மறுபக்கம் மீன்பிடித் துறைமுகம். நடுவில் பாறைக் குன்றின் மேல் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட 36 மீட்டர் கோபுரம். 1972 முதல் எரிந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கோபுரத்தைத் தனியாக எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். கோபுரத்தையும் அதன் காலடியில் வேலை செய்யும் மீட்புப் படகையும் ஒரே சட்டத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) கொண்டுவந்த நல்ல படங்கள் குறைவு. கோபுரம் காத்திருக்கும், படகு காத்திருக்காது என்பதுதான் காரணம். படகு வந்த பிறகு கேமராவைத் தூக்கி, பிறகு கோபுரத்தைத் தேடினால் இரண்டும் கெட்டுவிடும். முதலில் கோபுரத்துக்கு இடம், வெளிச்சம், லென்ஸ் எல்லாவற்றையும் முடிவு செய்து, சட்டத்தில் படகுக்கு ஓர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசையில்தான் போகிறது.

எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நேரத்தில்

லைட் ஹவுஸ் பீச்சின் தென்கோடியில்தான் குன்று இருக்கிறது. கடற்கரையின் வடகோடிப் பாறைகளில் நின்றால் கோபுரத்தைத் தெற்கு நோக்கிப் பார்ப்பீர்கள். மாலை வெயில் வலது பக்கமிருந்து, கடல் பக்கமிருந்து வரும். கோபுரத்தின் ஒரு பக்கம் ஒளியிலும் மறுபக்கம் நிழலிலும் இருப்பதால் அதன் உருளை வடிவம் நன்றாகத் தெரியும். காலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் நிலத்தின் பக்கம், தென்னைகளுக்குப் பின்னால் இருக்கும். கோபுரம் மங்கலாகவும் வானம் வெளிறியும் வரும். ஆகவே பீச் என்றால் மாலை.

துறைமுகம் இதற்கு நேர் எதிர். அங்கிருந்து கோபுரம் ஏறக்குறைய வடமேற்கில் தெரியும். காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து போய்க் கோபுரத்தின் மேல் விழும். குன்றின் உச்சியில் இருப்பதால் கோபுரத்துக்குத்தான் முதல் வெயில். துறைமுகம் இன்னும் நிழலில் இருக்கும்போதே மேலே சிவப்புப் பட்டைகள் பளிச்சென்று நிற்கும். படகுகள் கரை திரும்பும் நேரமும் அதுதான். ஆகவே துறைமுகம் என்றால் காலை.

சூரியன் மறையும் திசை வருடம் முழுவதும் ஒன்றாக இருக்காது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் 21ஆம் தேதியை ஒட்டி நேர் மேற்கில், அதாவது 270 பாகையில் மறையும். டிசம்பரில் ஏறக்குறைய 246 பாகைக்கு, தெற்கு நோக்கி நகரும். ஜூனில் 293 பாகைக்கு, வடக்கு நோக்கிப் போகும். பீச்சிலிருந்து எடுப்பவர்களுக்கு டிசம்பர், ஜனவரிதான் தோது. சூரியன் கோபுரத்தின் பக்கமாக நெருங்கி வரும், வானம் தெளிவாக இருக்கும், கடலும் அடங்கியிருக்கும். போனில் உள்ள திசைகாட்டியை வைத்து நிற்கும் இடத்திலிருந்து கோபுரத்தின் பாகையை ஒரு முறை குறித்துக்கொண்டால், எந்த மாதம் எந்தப் பக்கம் வெயில் விழும் என்பதை வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம்.

நவம்பர் நடுவில் ஏறக்குறைய மாலை 6 மணிக்கே சூரியன் மறையும். ஜூலையில் 6.45க்கு மேல் ஆகும். இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில், 8 பாகை அட்சரேகையில் இருப்பதால் அந்தி மிகக் குறுகியது. சூரியன் மறைந்து 22 நிமிடத்துக்குள் வெளிச்சம் பெரும்பாலும் போய்விடும். ஐரோப்பியர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்து ஒரு மணி நேர நீல வானத்தை எதிர்பார்த்து வந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பருவம் பற்றிச் சுருக்கமாக: மார்ச் முதல் மே வரை மதியத்துக்கு மேல் புழுக்கப் புகை படியும், தூரக் காட்சி மங்கும். ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை. மழை விட்ட இடைவெளியில் வரும் வெளிச்சம்தான் வருடத்திலேயே சிறந்தது. கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில், ஒதுங்க இடம் தரும் துறைமுகம் என்பதால் வெளியூர்ப் படகுகளும் விழிஞத்துக்கு வந்து சேரும், கூட்டம் அதிகமாக இருக்கும். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் விசைப்படகுகள் கட்டியே கிடக்கும், கடலில் வள்ளங்களும் ரோந்துப் படகுகளும் மட்டும்தான். அக்டோபர், நவம்பரில் காலை தெளிவு, மாலை இடி. இடி கேட்டால் குன்றிலும் அலைத்தடுப்புச் சுவரிலும் நிற்கவே கூடாது.

யாரிடம் கேட்க வேண்டும்

கோபுரத்துக்குள் டிக்கெட் வாங்கிப் போகலாம், கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. இந்தியக் கலங்கரை விளக்கங்கள் மத்திய துறைமுக, கப்பல் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் உள்ள கலங்கரை விளக்கத் தலைமை இயக்குநரகத்துக்குச் சொந்தம். விளம்பரப் படம், திருமணப் படம் போன்ற வணிக வேலை என்றால் இயக்குநரகத்திடம் முன்கூட்டி எழுதி அனுமதி வாங்க வேண்டும். விளக்கு எரியும் நேரத்தில் பொதுமக்களை மேலே விடுவதில்லை. எனவே இரவுப் படங்கள் எல்லாம் வெளியிலிருந்துதான்.

துறைமுகத்தில் மூன்று தனித்தனி இடங்கள் இருப்பதைக் கலந்துவிடாதீர்கள். மீன்பிடித் துறை மக்கள் நடமாடும் இடம், அங்கே மீனவர்களிடம் கேட்டால் போதும். கடலோரக் காவல்படையின் துறைமேடை பாதுகாப்பு இடம், அனுமதி இல்லாமல் அதைப் படமெடுக்கக் கூடாது. தெற்கே இருக்கும் பெரிய சரக்குப் பெட்டக முனையமும் அதன் நீண்ட அலைத்தடுப்பும் வேலி போட்ட பகுதி. காவலுக்கு நிற்பவர் வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாதம் செய்து வாங்கிய படம் அடுத்து வருபவர்களுக்கும் வழியை அடைக்கும்.

ட்ரோன் பற்றி: 2021 ட்ரோன் விதிகளின்படி, எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிற மண்டலம் என்று பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. பக்கத்தில் விமான நிலையம், துறைமுகம், காவல்படை எல்லாம் இருக்கும் இடம் இது. 250 கிராமுக்குக் குறைந்த சிறிய ட்ரோனுக்கும் தடை மண்டலத்தில் விலக்கு கிடையாது. வரைபடம் பச்சை காட்டாவிட்டால் பையிலிருந்தே எடுக்காதீர்கள்.

கேமராப் பை

24 முதல் 70 மி.மீ. வரை ஒரு லென்ஸ், 70 முதல் 200 அல்லது 300 வரை ஒன்று. இரண்டு போதும். கனமான ட்ரைபாட், ரிமோட் அல்லது 2 வினாடி டைமர், வெளிச்சத்தைக் குறைக்கும் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்று, மூன்று மைக்ரோஃபைபர் துணி, அரை லிட்டர் நல்ல தண்ணீர், கேமராவை மூட ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. போலரைசிங் ஃபில்டர் இருந்தால் தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கலாம். ஆனால் 24 மி.மீ. லென்ஸில் போட்டால் வானத்தில் ஒரு பக்கம் கருநீலமாகத் திட்டு விழும், அங்கே கழற்றிவிடுங்கள்.

ஏ.சி. அறையிலிருந்தோ காரிலிருந்தோ கேமராவை நேராகக் கடற்காற்றுக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் ஈரம் பூக்கும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கோபுரத்தை நேராக நிறுத்துவது

கோபுரம் பின்பக்கம் சாய்ந்தது போல வருவதுதான் முதல் குறை. கேமராவை மேல் நோக்கிச் சாய்ப்பதால் வருகிறது. கேமராவைத் தரைமட்டத்துக்கு நேராக வைத்தபடியே உச்சி சட்டத்துக்குள் வர எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவை (36 x 24 மி.மீ. சென்சார் உள்ளது) செங்குத்தாகப் பிடித்தால், கண்மட்டத்துக்கு மேல் உள்ள உயரத்தை லென்ஸின் மி.மீ. அளவால் பெருக்கி 18ஆல் வகுங்கள். கோபுரத்தின் உச்சி உங்கள் கண்ணுக்கு மேல் 34.5 மீட்டர் என்றால், 24 மி.மீ. லென்ஸுக்கு 46 மீட்டர், 35 மி.மீ. லென்ஸுக்கு 67 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இது கோபுரத்தின் அதே தரையில் நின்றால். கீழே கடற்கரையில் நின்றால் குன்றின் உயரத்தையும் சேர்க்க வேண்டும். உச்சி 55 மீட்டர் மேலே என்றால் 24 மி.மீ. லென்ஸுக்கு 73 மீட்டருக்கு மேல் ஆகும்.

ஆகவே குன்றின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து எடுக்காதீர்கள். பீச்சின் மறுகோடிக்குப் போய் நீண்ட லென்ஸ் போடுங்கள். 700 மீட்டர் தூரத்தில் 200 மி.மீ. லென்ஸை அகலவாக்கில் பிடித்தால் சட்டத்தின் உயரத்தில் 84 மீட்டர் அடங்கும். 36 மீட்டர் கோபுரம் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும், மேலே வானத்துக்கும் கீழே பாறைக்கும் அலைக்கும் இடம் இருக்கும். சாய்வு கண்ணுக்கே தெரியாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: காலை 11 முதல் பிற்பகல் 3 வரை சுடுமணலுக்கு மேல் காற்று நெளியும். அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல லென்ஸும் கோபுரத்தின் விளிம்பைக் கூர்மையாகக் காட்டாது. ட்ரைபாட், ஷட்டர், ஃபோகஸ் எதை மாற்றினாலும் பயன் இல்லை, நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

வெள்ளையும் சிவப்பும்

கோபுரம் சட்டத்தை நிறைக்கும்போது கேமராவின் மீட்டர் வெள்ளைச் சுவரைப் பார்த்து ஏமாறும், சுவரைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 வைத்து ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருளையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம்) பாருங்கள். ஆனால் மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக வரும் ஹிஸ்டோகிராமைப் பார்க்க வேண்டும். மொத்த ஹிஸ்டோகிராம் சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். மாலை வெயிலே செம்மஞ்சள், அது சிவப்புப் பட்டையில் பட்டால் பட்டை முழுவதும் ஒரே தட்டைச் சிவப்பாகிவிடும். பூச்சின் விரிசல், மழைநீர் ஒழுகிய கோடு எதுவும் தெரியாது. மீட்புப் படகின் செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டிலும் வட்ட மிதவையிலும் இதே கதிதான். சிவப்பு முட்டினால் 0.3 முதல் 0.7 வரை குறையுங்கள், ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூல ஃபைல்) எடுங்கள், பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வையுங்கள். விவிட் வைத்தால் ஹிஸ்டோகிராமே தவறாகக் காட்டும்.

பகலில் உச்சிக் கண்ணாடி அறை மங்கிப் போய்த் தெரிந்தால் திகைக்க வேண்டாம். விளக்கின் லென்ஸ் சூரிய ஒளியை ஒரே புள்ளியில் குவித்துத் தீ பிடிக்க வைக்கும் வல்லமை உடையது என்பதால் பல கோபுரங்களில் பகலில் திரை போட்டு மூடுவார்கள். கண்ணாடியும் லென்ஸும் மின்னும் படம் வேண்டுமென்றால் அந்தி வரை காத்திருக்க வேண்டும்.

மீட்புப் படகுகளை அடையாளம் காண்பது

கேரள மீன்வளத் துறைக்காகக் கொச்சிக் கப்பல் கட்டும் தளம் 2020இல் மூன்று கடல் ஆம்புலன்ஸ்களைக் கட்டிக் கொடுத்தது: பிரதீக்ஷா, பிரத்யாஷா, காருண்யா. விழிஞத்துக்கு ஒதுக்கப்பட்டது பிரதீக்ஷா. நீளம் 23 மீட்டர், அதிக வேகம் 14 நாட். 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயலில் குமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் மீனவர் பலர் கரை திரும்பாமல் போனதற்குப் பிறகு, இந்தக் கரையில் மீட்புப் படகு என்பது வெறும் அரசு வாகனம் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு கேமராவைத் தூக்க வேண்டும்.

இது தவிர, கடலோரக் காவல்படையின் வேகப் படகுகள், கடலோரப் போலீஸ் படகுகள், கோவளம் கடற்கரையில் உயிர்காப்பாளர்களின் மிதவைகளும் மீட்புப் பலகைகளும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் போய்ச் சேர்வது பெரும்பாலும் பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருக்கும் ஃபைபர் வள்ளம்தான். அவுட்போர்டு இன்ஜின் பூட்டிய ஒரு சாதாரண வள்ளத்தை, அதன் பின்னால் கோபுரத்துடன் எடுத்தால் அதுவும் மீட்புப் படகின் படம்தான். 2018 கேரள வெள்ளத்தில் லாரிகளில் ஏற்றிக் கொண்டுபோய் ஆட்களைக் காப்பாற்றியது இப்படிப்பட்ட வள்ளங்களை வைத்துத்தான்.

படகையும் கோபுரத்தையும் ஒரே சட்டத்தில்

இதில்தான் பெரும்பாலான படங்கள் தோற்கின்றன. படகு பக்கத்தில் இருக்கும்போது எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். படகு பூதாகரமாகவும் கோபுரம் பின்னால் தீக்குச்சியாகவும் வருகிறது. எண்களில் பாருங்கள். 23 மீட்டர் படகு 100 மீட்டரிலும், 36 மீட்டர் கோபுரம் 1,000 மீட்டரிலும் இருந்தால், படத்தில் கோபுரத்தின் உயரம் படகின் நீளத்தில் ஆறில் ஒரு பங்குகூட வராது. நீங்கள் 400 மீட்டர் பின்னால் போனால் படகு 500 மீட்டர், கோபுரம் 1,400 மீட்டர். இப்போது கோபுரம் படகின் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும். லென்ஸை மாற்றினால் இந்த விகிதம் மாறாது, நிற்கும் இடத்தை மாற்றினால்தான் மாறும். நீண்ட லென்ஸ், தூரத்தில் நின்றபடி சட்டத்தை நிறைக்க மட்டும்தான்.

பின்னால் போக இடம் இல்லாவிட்டால் படகு தள்ளிப் போகும்வரை காத்திருங்கள். படிப்படியாக இப்படிச் செய்யலாம்:

1. கோபுரத்தைச் சட்டத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில், இடது அல்லது வலது ஓரமாக நிறுத்துங்கள். படகு போகும் திசையில் முன்னால் காலி இடம் இருக்க வேண்டும்.

2. துறைமுக வாயிலிலிருந்து படகுகள் போகும் தடத்தைக் கால் மணி நேரம் பாருங்கள். மணல் மேட்டையும் பாறையையும் தவிர்க்க எல்லாப் படகுகளும் ஏறக்குறைய ஒரே தடத்தில்தான் போகும். சாதாரண வள்ளங்களை வைத்தே ஒத்திகை பார்த்துவிடலாம்.

3. அந்தத் தடத்தில் ஒரு வள்ளம் வரும்போது அதன் மேல் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஃபுல் ஃப்ரேமில் 200 மி.மீ., எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு) என்றால் 300 மீட்டரில் ஃபோகஸ் செய்தாலே 107 மீட்டரிலிருந்து அடிவானம் வரை கூர்மையாக இருக்கும். படகும் கோபுரமும் இரண்டும் அதற்குள் அடங்கும்.

4. எக்ஸ்போஷரையும் மேனுவலில் பூட்டுங்கள். வெள்ளைப் படகு சட்டத்துக்குள் வந்ததும் மீட்டர் தடுமாறும். நேர் வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப் 8, ஷட்டர் 1/800 வினாடி தொடக்கத்துக்குச் சரியாக இருக்கும்.

5. படகு காலி இடத்துக்குள் நுழையும்போது ஐந்தாறு படங்கள் தொடர்ச்சியாக எடுங்கள். மூக்கு அலையை ஏறித் தண்ணீர் சிதறும் கணம்தான் வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து அழுத்தினால் பிந்திவிடும், தொடர் படங்களில்தான் சிக்கும்.

1/800 ஏன் என்றால்: 14 நாட் வேகம் என்பது வினாடிக்கு 7.2 மீட்டர். 300 மீட்டரில், 200 மி.மீ. லென்ஸில், சென்சாரின் மேல் பிம்பம் வினாடிக்கு 4.8 மி.மீ. நகரும். அதை ஒரு பிக்ஸலுக்குள் நிறுத்த ஏறக்குறைய 1/800 தேவை. காவல்படையின் வேகப் படகு இதைவிட மிக விரைவாகப் போகும், 1/2000 வையுங்கள். வேகம் தெரியும்படி தண்ணீர் கோடாக வரவேண்டும் என்றால் 1/30இல் படகோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பி எடுக்கலாம். ஆனால் அப்போது கோபுரமும் கோடாகிவிடும். ஒரே படத்தில் இரண்டும் வேண்டுமென்றால் அந்த ஆசையை விட்டுவிடுவதுதான் நல்லது.

ஃபிளாஷ் எந்த நிலையிலும் வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டிலும் மிதவையிலும் ஒட்டியிருக்கும் ஒளிதிருப்பும் பட்டை ஃபிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பி, படத்தில் வெள்ளை ஓட்டையாக விழும். அதைவிட முக்கியம், இருட்டில் படகைத் திருப்பிக்கொண்டிருக்கும் ஸ்ராங்கின் (படகோட்டியின்) கண் கூசும்.

அந்தி: விளக்கு எரியும் நேரம்

சூரியன் மறைந்து 12 முதல் 25 நிமிடம் வரைதான் உங்கள் நேரம். அதற்கு முன் விளக்கு வானத்தில் கரைந்துவிடும், அதற்குப் பின் கோபுரம் கருப்பில் மறைந்துவிடும். 12ஆம் நிமிடத்தில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1 வினாடி. 22ஆம் நிமிடத்தில் அதே ஐஎஸ்ஓ, எஃப் 5.6, 4 வினாடி. நடுவில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ஷட்டரைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

விளக்கு தொடர்ந்து எரியாது, மின்னும். ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனி மின்னல் கணக்கு உண்டு, மாலுமிகள் அதை வைத்துத்தான் எந்த ஊர் என்று தெரிந்துகொள்கிறார்கள். போன் ஸ்டாப்வாட்சில் ஒரு மின்னல் தொகுதியின் தொடக்கத்திலிருந்து அடுத்ததின் தொடக்கம் வரை மூன்று முறை அளந்துகொள்ளுங்கள். 15 வினாடி என்று வந்தால், 4 வினாடிப் படங்களில் பலவற்றில் விளக்கு அணைந்தே இருக்கும். மின்னலுக்கு ஒரு வினாடி முன்பு ஷட்டரைத் திறக்க வேண்டும். 2 வினாடி டைமர் வைத்திருந்தால் மூன்று வினாடி முன்பே அழுத்த வேண்டும்.

ஒளிக்கற்றை கடலின் மேல் நீண்டு விழும் படம் வேண்டுமா? அது முழு இருட்டில், நிலவில்லாத நாளில், காற்றில் ஈரம் இருக்கும்போதுதான் கிடைக்கும். வறண்ட தெளிந்த காற்றில் கற்றை தெரியவே தெரியாது. நீண்ட எக்ஸ்போஷர் வைத்தால் கற்றை நன்றாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. லென்ஸ் தொகுதி 15 வினாடியில் ஒரு சுற்றுச் சுற்றினால் வினாடிக்கு 24 பாகை திரும்புகிறது. 1 வினாடிப் படத்தில் கற்றை 24 பாகை அகலத்துக்குத் தேய்ந்து போகும். கால் வினாடியில் 6 பாகைதான். ஆகவே ஐஎஸ்ஓ 3200, எஃப் 2 அல்லது 2.8, 1/4 முதல் 1/2 வினாடி என்று வைத்து, நிறுத்தாமல் 40, 50 படங்கள் எடுங்கள். கற்றை நல்ல கோணத்தில் விழுந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது இரண்டு மூன்றை லைட்டன் முறையில் (ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சமானதை மட்டும் எடுக்கும் முறை) கணினியில் அடுக்கலாம். சுற்றாமல் ஒரே இடத்தில் மின்னும் எல்இடி விளக்கு பொருத்திய கோபுரங்களில் சுழலும் கற்றையே கிடையாது. அங்கே இதைத் தேடி இரவை வீணாக்க வேண்டாம்.

கட்டிக் கிடக்கும் படகு அந்தியில் தனிச் சிக்கல். பார்வைக்கு அசையாதது போலிருக்கும், 4 வினாடிக்குள் ஒரு சாண் ஏறி இறங்கியிருக்கும். கொடிக்கம்பமும் ஆன்டெனாவும் இரட்டையாக வரும். ட்ரைபாடை நகர்த்தாமல் இரண்டு படம் எடுத்துவிடுங்கள்: கோபுரத்துக்கும் வானத்துக்கும் ஐஎஸ்ஓ 400இல் 4 வினாடி, படகுக்கு ஐஎஸ்ஓ 6400இல் 1/4 வினாடி. இரண்டுக்கும் வெளிச்சம் ஒன்றுதான், பின்னர் படகை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து வைக்கலாம். படகின் எல்இடி விளக்குகள் எலக்ட்ரானிக் ஷட்டரில் கோடு கோடாக விழுந்தால், மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள்.

ஓடும் படகின் இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் படகு உங்களை நோக்கி வருகிறது. இருட்டில் எந்தப் பக்கம் காலி இடம் விட வேண்டும் என்பதை இதை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

போனில் எடுப்பவர்களுக்கு

முதலில் லென்ஸைத் துடையுங்கள், கடற்காற்றில் பத்து நிமிடத்தில் உப்புப் படலம் படிந்து விளக்கைச் சுற்றிப் புகை வளையம் விழும். கோபுரத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுங்கள். 2 அல்லது 3 மடங்கு தனி லென்ஸ் இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள், அதற்கு மேல் டிஜிட்டல் ஜூம் பட்டைகளின் விளிம்பைக் கரைத்துவிடும். நைட் மோட் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது, மின்னும் விளக்கைச் சில நேரம் அழித்தே விடும். புரோ மோடில் ஷட்டரை நீங்களே வைத்து, ஒரு சிறிய ட்ரைபாடில் எடுப்பது மேல்.

கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்

இந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. தொலைவில், தென்பெருங்கடலில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாகவே இருக்கும். அதிகமாக வருவது பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில். ஐதராபாத்தில் உள்ள தேசியக் கடல் தகவல் மையமான இன்காயிஸ் முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள், எச்சரிக்கை இருந்தால் பாறையில் இறங்க வேண்டாம்.

ஏற்றவற்றம் இங்கே ஒரு மீட்டருக்குள்தான், அதை நம்பி ஏமாறக் கூடாது. ஆளை இழுப்பது அலை. பாறையில் பச்சைப் பாசியும் ஈரமும் எந்த உயரம் வரை இருக்கிறதோ அந்த உயரம் வரை தண்ணீர் வந்து போகிறது. நிற்பதற்கு முன் கால் மணி நேரம் நின்று பார்த்து, பெரிய அலை எங்கே தொடுகிறதோ அதற்கும் மேலே இரண்டு ஆள் உயரத்தில் ட்ரைபாடை வையுங்கள். அலைத்தடுப்பின் நான்கு கால் கான்கிரீட் கட்டைகளுக்கு இடையே கால் வைக்கவே கூடாது. உள்ளே விழுந்தால் அலை இழுத்துக்கொண்டே இருக்கும், மேலிருந்து யாரும் கை கொடுக்க முடியாது. ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை எண் 1554, பொது அவசர எண் 112.

தேங்காப்பட்டணம் போன்ற முகத்துவாரங்களில் படகு கவிழும் விபத்துகள் நடந்திருக்கின்றன. அங்கே வாயிலின் முனையில் நின்று படகோட்டியின் கவனத்தைத் திருப்பும்படி கை காட்டுவதோ விளக்கடிப்பதோ கூடாது.

எப்போது கேமராவைக் கீழே வைக்க வேண்டும்

மீட்புப் படகு ஒத்திகைக்கும் போகும், உண்மையான அழைப்புக்கும் போகும். கரையில் பெண்கள் கூடி நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தால் அது ஒத்திகை இல்லை. அந்த முகங்களை எடுக்காதீர்கள். ஸ்ட்ரெச்சர் இறங்கும் பாதையில் நிற்காதீர்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது வீட்டாருக்குப் படத்தின் மூலம் முதலில் தெரியக் கூடாது. அன்றைக்கு எடுத்ததில் ஆள் அடையாளம் தெரியும் எதையும் வெளியிடாமல் இருப்பதே சரி.

சாதாரண நாளில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். துறையில் மலையாளம்தான், தமிழும் புரியும். “சேட்டா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டு, எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். ஏலம் நடக்கும் நேரத்தில் மட்டும் நடுவில் போகாதீர்கள், அது அவர்களின் அன்றைய வருமானம் முடிவாகும் நேரம். படகுக்காரரின் எண் வாங்கிப் படத்தை அனுப்பிவிட்டால், அடுத்த முறை எந்தப் படகு எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று அவரே சொல்வார்.

வீடு திரும்பியதும்

கணினியில் முதலில் அடிவானத்தை நேராக்குங்கள், பிறகு கோபுரத்தின் செங்குத்தை. வரிசை மாறினால் இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டிவரும். கோபுரம் அடியில் அகன்று மேலே குறுகும் கட்டடமாக இருந்தால் சுவரின் ஓரத்தை வைத்து நேராக்கக் கூடாது, அது உருண்டு திரண்ட குழாயாகிவிடும். நடுக்கோட்டை வைத்து நேராக்குங்கள். சிவப்பின் சாச்சுரேஷனைக் கூட்ட வேண்டாம், லூமினன்ஸைச் சிறிது குறைத்தால் பட்டையின் பூச்சு விவரம் திரும்பி வரும். மங்கலை நீக்கும் டீஹேஸ் கருவியைப் பத்துக்கு மேல் இழுத்தால் வெள்ளைச் சுவரில் நீலக் கறை ஏறும்.

சாதனங்களை அன்றிரவே பாருங்கள். லென்ஸை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புக் கல் கோடு போட்டுவிடும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, அதன் பின் துடைக்க வேண்டும். ட்ரைபாடைக் கடற்கரையில் விரிக்கும்போதே அடிப்பகுதிக் குழாயை முழுவதும் இழுத்துவிட்டால் பூட்டுகள் மணலுக்கும் தண்ணீருக்கும் மேலேயே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கால்களை முழுவதும் நீட்டிக் குழாய்த் தண்ணீரில் கழுவி, பூட்டுகளைத் தளர்த்தி, சுருக்காமல் ஓர் இரவு காயவிட்டு, பிறகு மடக்குங்கள்.